ஷாட்கன் வாங்குமுன் கண்ணை மூடிப் பாருங்கள்

பறவை வேட்டைக்கு ஷாட்கன் (சிறு குண்டுகளைச் சிதறிச் சுடும் துப்பாக்கி) வாங்குபவர்கள் கடையிலேயே இதைச் செய்துவிடுங்கள். தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றுங்கள். கன்னம் கட்டையில் (தோளில் பதியும் பின்பகுதி) படிந்ததும் கண்ணைத் திறங்கள். குழல் முனையில் குறிபார்க்க உள்ள சிறு மணி நேராக, அதன் கீழே குழலின் மேல் நீளவாக்கில் ஓடும் பட்டை மெல்லிய கீற்றாகத் தெரிந்தால் துப்பாக்கி உங்களுக்குப் பொருந்துகிறது.

ஷாட்கன்னில் பொதுவாகப் பின் குறி, அதாவது கண்ணுக்கு அருகே வைத்துக் குறிபார்க்கும் அமைப்பு, கிடையாது. உங்கள் கண்தான் பின் குறி. பட்டை மறைந்து துப்பாக்கியின் பின்பகுதி மட்டும் தெரிந்தால் கண் தாழ்ந்திருக்கிறது, சுடுவது கீழே போகும். பட்டை முழுக்க விரிந்து தெரிந்தால் மேலே போகும். குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு சோதியுங்கள். தடித்த துணி கட்டையின் நீளத்தைக் கூட்டிவிடும், ஏற்றும்போது அக்குளில் சிக்கும்.

அமெரிக்காவில் ஃபெசன்ட் என்ற பறவையை வேட்டையாடுபவர்களில் சிலர் இரட்டைக்குழல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் முன்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடும் பம்ப் துப்பாக்கிக்காரர்களை ஏளனமாகப் பார்ப்பார்கள். பொருந்தாத இரட்டைக்குழலைவிடப் பொருந்தும் பம்ப் மேல்.

வான்கோழி வேட்டைக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. அங்கே நிதானமாகக் குறிபார்த்துச் சுடுவதுதான். பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் என்ற விளையாட்டுக்கான துப்பாக்கிகள் வேண்டுமென்றே உயரச் சுடும்படி செய்யப்பட்டவை, அவற்றில் பட்டை அதிகம் தெரிவது இயல்பு.