நூறு குழித்தட்டுகளில் ஒரு நாற்றுப் பண்ணை: சொந்த வயல் இல்லாதவர்களும் தொடங்கலாம்

கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்குத் தோட்டக்கலைத் தொழில் என்றதும் பலரும் பழமரத்தைத்தான் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒட்டு மா காய்ப்புக்கு வரவே மூன்று நான்கு ஆண்டாகும். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! சேமிப்பு இல்லாத வீட்டில் போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆண்டு வருமானம் எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கேள்வி. பணம் முடங்கிக் கிடக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தாலே வட்டிக்கு வாங்க வேண்டியதாகிவிடும்.

அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் காய்கறி நாற்று வளர்ப்பைச் சொல்கிறேன். வீட்டுக் கொல்லைப்புறம் போதும், ஒன்று, ஒன்றரை மாதத்தில் பணம் திரும்பும். வாங்க ஆள் வேண்டுமே என்றால், உலகில் உள்ள 60 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து, 2 ஹெக்டேருக்கும் குறைவானவை என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. நாற்றைக் குழித்தட்டில், அதாவது குழிக்கு ஒரு விதை போடும்படி சிறுசிறு குழிகள் உள்ள தட்டில் வளர்ப்போம். சிறு விவசாயிக்கு அப்படி ஐந்து தட்டு, பத்து தட்டு நாற்றுதான் தேவைப்படும். அதை நடக்கிற தூரத்தில், வாடாமல் கொடுப்பவர்தான் அவருக்கு வேண்டும்.

முதல் படி: ஆர்டர் நோட்டு

விதை வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். சுற்று வட்டாரத்தில் காய்கறி போடுகிறவர்களை நேரில் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன பயிர், எந்த ரகம், எந்தத் தேதியில் நடவு? ரகத்தை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எந்தக் காய் சந்தையில் போகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பாதிப் பணம் முன்பணமாகக் கேளுங்கள், தயங்க வேண்டாம். அந்தப் பணத்திலேயே விதை வாங்கிவிடலாம்.

ஆர்டர் இல்லாமல் விதைப்பதுதான் இந்தத் தொழிலில் பணம் போகிற பெரிய வழி. நாற்று காத்திருக்காது. விற்பனை நாளைத் தாண்டிப் பத்து நாள் போனால் குழிக்குள் வேர் சுற்றிக்கொண்டு தண்டு நெடுநெடுவென்று வளர்ந்துவிடும். அப்புறம் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: நடவுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தக்காளி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் நாற்றுக்குச் சுமார் 25 நாள். கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். பூசணி, பாகல் போன்ற கொடிவகை 12 முதல் 15 நாளில் தயாராகும். கொடிவகைக்கு 50 குழி உள்ள தட்டு வேண்டும், மற்றவற்றுக்கு 98 குழி உள்ள தட்டு. குளிர்ந்த பருவத்தில் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இடம்

98 குழித் தட்டு சுமார் 54 செ.மீ. நீளம், 27 செ.மீ. அகலம். ஒரு சதுர மீட்டரில் ஆறு தட்டு அடங்கும். நடைபாதையும் சேர்த்து 100 தட்டுக்கு 25 சதுர மீட்டர் இருந்தால் சரி. மூங்கிலோ சவுக்குக் கழியோ நட்டு, மேலே பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத நிழல்வலை போடுங்கள். பக்கவாட்டில் பூச்சிவலை கட்டாயம். இலைச்சுருட்டு வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ நாற்றுப் பருவத்திலேயே புகுந்துவிட்டால், பாதிப்பு வாங்கியவர் வயலில்தான் தெரியும். அவருடைய ஒரு பருவ உழைப்பே போய்விடும். வலையில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

நான்காம் படி: நிரப்புவதும் விதைப்பதும்

தட்டுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ பதப்படுத்திய தென்னை நார்க்கழிவு வேண்டும். பச்சை நாரில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் விதைத்தால் முளை கருகும். 100 கிலோவுக்கு ஒன்றரை முதல் 2 கிலோ வேப்பம் புண்ணாக்குத் தூளும், நோய்க் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மாவும் கொஞ்சம் கலந்து வையுங்கள்.

விதைக்கும் முன் 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி முளைக்கவிட்டுப் பாருங்கள். 17க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையைப் பயன்படுத்தாதீர்கள். குழிக்கு ஒரு விதை, அரை செ.மீ. ஆழம், மேலே லேசாக நார்த்தூள். தட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கி பாலித்தீன் தாளால் மூடுங்கள். உள்ளிருக்கும் சூடும் ஈரமும் முளைப்பைச் சீராக்கும். நான்காம் நாளிலிருந்து தினமும் திறந்து பார்க்க வேண்டும். முளை தலைகாட்டிய அன்றே பிரித்துப் பரப்பிவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் வெளுத்து நீண்டுவிடும்.

ஐந்தாம் படி: தண்ணீர்

நாற்றுப் பண்ணையில் உண்மையான வேலை இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தண்ணீர் குறைந்து நாற்றை இழப்பதில்லை, கூடித்தான் இழக்கிறார்கள். ஈரம் தேங்கினால் நாற்றழுகல் வரும். தண்டின் அடி நூல்போல் மெலிந்து, நாற்று சாய்ந்துவிடும். ஒரு குழியில் தொடங்கி இரண்டே நாளில் தட்டு முழுக்கப் பரவும்.

காலையில் பூவாளியால் ஊற்றுங்கள். மாலைக்குள் இலை காய்ந்துவிட வேண்டும். ஊற்றும் முன் தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் கைக்கே கணக்கு பிடிபட்டுவிடும். ஓரத் தட்டுகள் வெயிலும் காற்றும் பட்டுச் சீக்கிரம் காயும், அவற்றுக்கு மட்டும் மறுபடி கொஞ்சம் ஊற்றலாம். சாய்ந்த நாற்று இருக்கும் தட்டை உடனே தனியே எடுத்து வையுங்கள்.

கொடிவகை தவிர மற்றவற்றுக்கு 18ஆம் நாள் வாக்கில், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து ஒருமுறை தெளித்தால் போதும்.

ஆறாம் படி: வெயில் பழக்குதல்

கொடுப்பதற்கு ஐந்தாறு நாள் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, தட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். நிழலிலேயே வளர்ந்த நாற்று பார்க்கப் பசுமையாக இருக்கும், வயலில் நட்ட மறுநாளே துவண்டுவிடும்.

ஏழாம் படி: அடக்க விலை

ஒரு தட்டுக்கு ஆன விதை, நார், உரம் ஆகியவற்றைக் கூட்டுங்கள். தட்டு ஐந்து முறை வருமென்றால் அதன் விலையில் ஐந்தில் ஒரு பங்கைச் சேருங்கள். உங்கள் கூலியையும் கட்டாயம் சேருங்கள். வீட்டுப் பெண்கள் செய்யும் வேலையைக் கணக்கில் விட்டுவிடுவது ஊர்தோறும் நடக்கிறது, அது வருத்தமான விஷயம்.

மொத்தத்தை 98ஆல் வகுக்காதீர்கள். முளைக்காதது, சோகையாக வளர்ந்தது எல்லாம் போக, விற்கத் தகுந்தது தட்டுக்கு 83 என்று வையுங்கள். 83ஆல் வகுத்தால் ஒரு நாற்றின் அடக்க விலை 18 சதவீதம் கூடும். இதைக் கவனிக்காமல் விலை சொன்னால் உங்கள் கூலி முழுக்க அதிலேயே கரைந்துவிடும். விதை விலை அதிகமுள்ள வீரிய ஒட்டு ரகங்களுக்கும் சாதாரண ரகங்களுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்.

எட்டாம் படி: கொடுத்த பிறகு

மாலை வேளையில் நாற்றைக் கொடுத்து, அன்றே நடச் சொல்லுங்கள். காலித் தட்டுகளைத் திரும்ப வாங்கி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். பழைய தட்டில் ஒட்டியிருக்கும் அழுக்கு வழியாகத்தான் நாற்றழுகல் அடுத்த தொகுதிக்குப் போகிறது.

பத்தாம் நாள் வாங்கியவரைக் கூப்பிட்டு எத்தனை பட்டுப்போனது என்று கேளுங்கள். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே அந்த எண்ணை எழுதி, பக்கத்திலேயே அடுத்த நடவுத் தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.