ஒன்று முதல் மூன்று வயது வரை: குழந்தைக்கு ஒரு நாளில் எவ்வளவு பால்?

என் மகளுக்கு ஒன்றரை வயதானபோது, தினமும் இரண்டு அரை லிட்டர் பாக்கெட் அவள் ஒருத்திக்கே செலவானது. சோற்றுக் கிண்ணத்தைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வாள். பால் புட்டியைக் கண்டால் இரண்டு கைகளையும் நீட்டுவாள். பாலாவது குடிக்கிறாளே என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். ஊரிலிருந்து வந்த அத்தை, குழந்தையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையே" என்றார். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 என்று குறைவாக வந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை மில்லி பால்?" என்பதுதான். இருவருக்கும் பதில் தெரியவில்லை. முதலில் அந்தப் பதிலைக் கண்டுபிடிப்போம்.

படி 1: வயதைப் பாருங்கள்

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதுவரை தாய்ப்பால், முடியாத நிலையில் மருத்துவர் சொல்லும் பால் மாவு. பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதை முதல் பிறந்தநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு வேறு பாலைத் திணிக்க வேண்டாம். ஒரு கிண்ணம் தயிர் சாதமே நல்ல துணை.

படி 2: டம்ளரை அளந்துகொள்ளுங்கள்

"இரண்டு டம்ளர்" என்பது அளவே அல்ல. எங்கள் வீட்டிலேயே ஒரு எவர்சில்வர் டம்ளர் 150 மில்லி பிடிக்கிறது, இன்னொன்று 220. கோடு போட்ட பால் புட்டியில் தண்ணீரை நிரப்பி, குழந்தைக்கு வழக்கமாகக் கொடுக்கும் டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். எவ்வளவு பிடிக்கிறது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

படி 3: மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்

கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறமே போதும். காலை, மதியம், மாலை, இரவு என்று ஒவ்வொரு முறையும் குடித்ததை எழுதுங்கள். கணக்கில் விட்டுப்போவது பெரும்பாலும் இரண்டுதான்: நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் நாம் வாயில் வைத்த புட்டி, "பாவம், பசிக்கிறதே" என்று தாத்தா பாட்டி கொடுத்த அரை டம்ளர். தயிரையும் சேருங்கள். 100 மில்லி பாலுக்கு 100 கிராம் தயிர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் மூன்று நாள் சராசரி 950 மில்லி. கூட்டிப் பார்த்தபோது எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை.

படி 4: எல்லையைக் குறியுங்கள்

ஒன்று முதல் மூன்று வயது வரை 400 முதல் 500 மில்லி போதும். எளிதாகச் சொன்னால், ஒரு அரை லிட்டர் பாக்கெட்; தயிரும் அதற்குள்ளேயே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய 700 மில்லி வரை அனுமதிக்கிறார்கள். பிரிட்டனில் 350 மில்லியே போதும் என்கிறார்கள். நம் வீடுகளில் சோறும் இட்லியும் வயிற்றுக்குள் போக இடம் வேண்டும் என்பதால் நான் அரை லிட்டரைத் தாண்டுவதில்லை.

எங்கள் மாமியாரைச் சமாதானப்படுத்தியது இந்தக் கணக்குதான். இந்த வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. அரை லிட்டரிலேயே 600 வந்துவிடுகிறது. எலும்புக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. இரும்புச்சத்தோ தினம் 8 மில்லிகிராம் வேண்டும். ஒரு லிட்டர் பால் முழுவதையும் குடித்தாலும் அதில் 1 மில்லிகிராம்கூடத் தேறாது. போதாததற்கு, பாலில் உள்ள கால்சியமும் புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. லிட்டர் பாலில் 600 கலோரிக்கு மேல் இருக்கிறது. குழந்தையின் ஒரு நாள் தேவையே சுமார் ஆயிரம்தான். பிறகு எப்படிச் சோறு இறங்கும்? ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. அதற்குப் பால் மட்டுமே காரணமல்ல. ஆனால் நம் வீட்டில் திருத்தக்கூடிய காரணங்களில் அதுவும் ஒன்று.

படி 5: மெதுவாகக் குறையுங்கள்

ஒரே நாளில் நிறுத்தினால் வீடு இரண்டாகிவிடும். நாங்கள் மூன்று வாரம் எடுத்துக்கொண்டோம்.

முதல் வாரம், வரிசையை மட்டும் மாற்றினோம். சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் பால் கிடையாது. தாகம் என்றால் தண்ணீர். முதல் இரண்டு நாள் சோற்றையும் தள்ளினாள், பாலுக்கும் அழுதாள். மூன்றாம் நாள் பருப்புச் சாதம் நான்கு வாய் இறங்கியது.

இரண்டாம் வாரம், பகலில் புட்டியை எடுத்துவிட்டு டம்ளர். டம்ளரில் குடிக்கும் குழந்தை தானாகவே குறைவாகக் குடிக்கும். சிந்துவதைத் துடைப்பதற்கு ஒரு பழைய துண்டு பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றரை வயதுக்குள் புட்டியை விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாம் வாரம் இரவுப் புட்டி. கடினமான இடம் இதுதான். 180 மில்லியில் தினம் 30 மில்லி பாலைக் குறைத்து, அந்த அளவு தண்ணீரைச் சேர்த்தேன். பாலில் தண்ணீர் கலக்கக் கூடாது என்று மற்ற நேரங்களில் சொல்லும் நானே இதற்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன். ஆறாம் நாள் புட்டியில் வெறும் தண்ணீர். ஏழாம் நாள் அவளே அதைத் தூக்கி எறிந்தாள். புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் பிள்ளைகளுக்கு முன் பற்கள் சொத்தையாவதும் இதனால் குறையும்.

இப்போது காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு 150 மில்லி, மாலை 150, மதியம் தயிர் ஒரு சிறு கிண்ணம். கணக்கு அவ்வளவுதான்.

படி 6: காலியான வயிற்றில் எதைப் போடுவது

முட்டை, ஈரல், பாசிப்பயறு, முருங்கைக்கீரை, கம்பங்கூழ். எங்கள் அத்தை வாங்கி வரச் சொன்னது ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல். அதை நன்றாக வேகவைத்து மசித்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தார். கீரையோ பயறோ கொடுக்கும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்பு நன்றாகச் சேரும். தேநீரும் காபியும் ஒரு வாய்கூட வேண்டாம்.

எந்தப் பால் என்று கேட்பவர்களுக்கு: கொழுப்பு 3 சதவீதமுள்ள சமன்படுத்தப்பட்ட பாலே போதும். 6 சதவீத நிறை கொழுப்புப் பால் வயிற்றை அடைத்துவிடும் என்பது என் அனுபவம். கொழுப்பை முழுக்க நீக்கிய பால் இரண்டு வயதுக்குள் வேண்டாம். கறந்த பாலைக் காய்ச்சாமல் கொடுக்கவே கூடாது. சர்க்கரை, கற்கண்டு, சத்து மாவு என்ற பெயரில் வரும் இனிப்புப் பொடிகள் எதுவும் தேவையில்லை.

பாலே பிடிக்காத குழந்தையா? தயிர், மோர், கேழ்வரகுக் கூழ், பன்னீர் என்று மாற்றிக் கொடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்ற வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் போவது

முகம் வெளுத்திருப்பது, எப்போதும் சோர்ந்து கிடப்பது, மண்ணையோ சுண்ணாம்பையோ தின்பது, நாட்கணக்கில் மலம் இறுகிப் போவது, எடை கூடாமல் நிற்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மருந்து அரசுத் திட்டத்திலேயே உண்டு. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். அந்த மருந்தைப் பாலில் கலந்து கொடுத்துவிடாதீர்கள். முதல் வாரம் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.