பழைய வெள்ளிக்காசைப் படிப்பது எப்படி?

பெங்களூரு அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி, பாட்டியின் சுருக்குப்பையில் கிடந்த விக்டோரியா ரூபாயை விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தான். ராணியின் கூந்தல் இழைகள் மழுங்கிப் போயிருந்தன. பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அதனால் முதல் வேலை: காசைத் தேய்க்காதீர்கள். புளி, பற்பசை எதுவும் வேண்டாம். கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

அடுத்து எடை. நகைக்கடைத் தராசு போதும். விக்டோரியா ரூபாய் சுமார் 11.66 கிராம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய முத்திரைக் காசு (வெள்ளித் துண்டில் சின்னங்களைக் குத்திச் செய்தது) பெரும்பாலும் 3.4 கிராமுக்குள் இருக்கும், தேய்ந்திருந்தால் இன்னும் குறையும்.

சரி, இப்போது விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. என்னிடம் உள்ள முத்திரைக் காசில் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கிறது. வெள்ளித் தகட்டைத் துண்டாக்கி, எடை கூடினால் மூலையைக் கத்தரித்துச் சரிசெய்தார்கள். பிறகு ஒவ்வொரு சின்னத்தையும் தனித்தனி அச்சால் குத்தினார்கள். சூரியன் முழுதாகத் தெரியவில்லை, அதன்மேல் இன்னொரு சின்னம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பொதுவாக ஐந்து சின்னங்கள் இருக்கும். பார்த்ததைத் தாளில் பெரிதாக வரையுங்கள். வரையும்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும்.

அப்புறம், எல்லாவற்றையும்விட முக்கியமானது: காசு எங்கே, எவற்றோடு கிடைத்தது என்று எழுதி வையுங்கள். 1924இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் தட்சசீலத்தில் முத்திரைக் காசுகளோடு அலெக்சாந்தர் காசு இரண்டும், அவருடைய சகோதரர் பிலிப்பின் காசு ஒன்றும் கிடைத்தன. பிலிப் இறந்தது பொ.மு. 317. அவருடைய காசு தேயாமல் புதிதுபோல் இருந்தது. அதனால் அந்தக் காலத்திலேயே முத்திரைக் காசுகள் புழங்கின என்று தெரிந்தது. முத்திரைக் காசில் அரசர் பெயர் இருக்காது. பக்கத்தில் கிடந்த காசுதான் காலம் சொன்னது.

நம்ம யஷ்வந்த்பூரிலும் 1891இல் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. அதில் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளோடு அடுத்து வந்த பேரரசர்களில் ஒருவரான கிளாடியஸ் காசும் இருந்தது. அவர் பட்டத்துக்கு வந்தது பொ.ஆ. 41. அதற்கு முன்னால் அந்தப் புதையலைப் புதைத்திருக்க முடியாது. கிளாடியஸ் காசுகளை யாராவது தனியே பிரித்து விற்றிருந்தால் இந்தக் கணக்கே தவறியிருக்கும்.

அஸ்திவாரம் தோண்டும்போது காசுப் பானை தட்டுப்பட்டால் கை வைக்காதீர்கள். புதையல் சட்டப்படி, கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். கிடந்தபடியே போட்டோ எடுத்து, எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொண்டு, உடனே தகவல் கொடுங்கள்.