வண்ணப் பெட்டியைத் திறக்கும் முன் டம்மி கட்டுங்கள்

சிறுவர் படக்கதைப் புத்தகம் செய்ய ஆசைப்பட்டு மதுரையில் என்னைத் தேடி வருகிறவர்கள், எந்த வண்ணம் வாங்கலாம், எந்தத் தூரிகை நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். ஆறு ஏ4 தாள்களை அடுக்கி, நடுவில் மடித்துத் தைத்தால் 24 பக்கம் கிடைக்கும். அதுதான் டம்மி, அதாவது புத்தகத்தின் மாதிரி வடிவம்.

முதல் பக்கம் தலைப்புக்கு, அடுத்தது பதிப்பு விவரத்துக்கு. மீதி 22 பக்கங்களில் கதையைப் பென்சிலால் கிறுக்குங்கள். கண், மூக்கெல்லாம் பிறகு. ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் வரும். குழந்தை தாளைப் புரட்டுவது அங்கேதான். "கதவைத் தட்டியது யார்?" என்று 9ஆம் பக்கத்தில் கேட்டால் பதில் 10இல் இருக்கட்டும். 8இல் கேட்டு 9இல் சொன்னால் இரண்டும் ஒருசேரக் கண்ணில் பட்டு, கதை நமத்துப்போகும்.

பிறகு எழுத்தை வெட்டுங்கள். எழுதியவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஒரு சிறுமியின் பலூன் கைநழுவிப் பறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "எங்கெங்கோ தேடினாள், காணவில்லை" என்பதோடு நிறுத்துங்கள். பலூன் தங்கக் குதிரையின் காதில் சிக்கியிருப்பதைப் படம் சொல்லட்டும். எழுத்தே தெரியாத பிள்ளையும் விரலை வைத்து "இதோ!" என்று கத்தும். பாலத்தின் மேலிருந்து பார்ப்பதுபோல மட்டும் வரையாதீர்கள். செய்தித்தாள் படங்கள் அப்படித்தான் இருக்கும். அவள் உயரத்துக்குத் தெரிவது வேட்டி மடிப்புகள், யாரோ ஒருவர் கையில் சர்க்கரைச் செம்பு, தண்ணீர் பீய்ச்சுகிறவரின் தோல் பை.

முகத்தை நடு மடிப்பில் வைத்தால் தையல் விழுங்கிவிடும்.

டம்மியைத் தெருப் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், பாவம், ஆமாம் என்றுதான் சொல்லும். எந்தப் பக்கத்தில் பார்வை வெளியே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பதிப்பகம் ஒப்புக்கொண்டதும் மகிழ்ச்சியில் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுதான். எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும்தான். "காலவரையின்றி, உலகம் முழுவதும்" என்ற சொற்கள் தென்பட்டால் அவற்றை நீக்கித் தரச் சொல்லுங்கள். அட்டையில் ஓவியர் பெயர், மறுபதிப்புக்கு ராயல்டி, மூல ஓவியங்களைத் திருப்பித் தருவது ஆகிய மூன்றையும் அதே தாளில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.