மீன் என்றாலே மூக்கைப் பிடிக்கும் பிள்ளைக்கு மீன் பழக்க

பாம்பனிலிருந்து தொண்டி வரை மதியச் சோற்றுக்கு மீன் இல்லாத வீடு குறைவு. அப்படிப்பட்ட வீட்டிலும் ஒரு பிள்ளை ரசச்சோறும் அப்பளமுமாக ஒதுங்கி உட்காரும். 2 வயதிலிருந்து 6 வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டு மிரள்வது இயல்பு. சுவை பிடிக்கவில்லை என்று நாம் நினைக்கிறோம். மீன் இன்னும் அதன் நாக்குக்கே போகவில்லை. வாடை, தட்டில் முழிக்கும் கண், முள் பயம் மூன்றும் முன்னாலேயே தடுத்துவிடுகின்றன. அந்த வரிசையிலேயே அவிழ்க்க வேண்டும்.

முதல் மீனாகக் கிழங்கான் நல்லது. சதை வெள்ளை, வாடை குறைவு, வேகவைத்தால் நடுமுள்ளை விட்டுச் சுலபமாகக் கழன்று வரும். சூடை, காரல் எல்லாம் பொடிமுள், பிறகு பார்த்துக்கொள்ளலாம். முள் இல்லையே என்று சிலர் சுறாப்புட்டில் தொடங்குவார்கள். சுறாவின் சதையில் பாதரசம் கூடுதலாகச் சேரும், சிறு பிள்ளைக்கு வேண்டாம். அதன் பக்குவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கால் கிலோ கிழங்கானைத் தலை நீக்கிக் கழுவி, நீர்த்த புளிக்கரைசலில் 10 நிமிடம் போடுங்கள். வாடை கிளப்பும் பொருளைப் புளிப்பு கட்டிப்போடும். கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், அரைத் தேக்கரண்டி உப்பு தடவி இட்லிச் சட்டியில் 8 நிமிடம் அவியுங்கள். ஆறியதும் தோலை உரித்துச் சதையை உதிர்த்து, வெளிச்சத்தில் விரலால் நசுக்கி இரண்டு தடவை முள் தேடுங்கள். 6 சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கி, உதிர்த்த மீன், 2 மேசைக்கரண்டி தேங்காய்த்துருவல், ஒரு சிட்டிகை மிளகு சேர்த்து இறக்குங்கள். முண்டு மிளகாய் பெரியவர்கள் தட்டோடு நிற்கட்டும்.

இந்தப் புட்டை வீடே சாப்பிட வேண்டும். பிள்ளைக்குத் தனிச் சமையல் என்றால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். முதல் வாரம் தட்டுக்குப் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டி, அவ்வளவுதான். அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அடுத்து, உங்களுக்குச் சதை உதிர்த்துத் தரச் சொல்லுங்கள், கை பழகும். பிறகு முகர்வது, நாக்கு நுனியில் வைப்பது; துப்ப ஒரு கிண்ணம் பக்கத்தில் இருக்கட்டும். துப்பலாம் என்று தெரிந்த பிள்ளைதான் துணிந்து வாயில் வைக்கும். கடைசியில் பட்டாணி அளவு, பருப்புச்சோற்றோடு. ஒரு படியில் தயங்கினால் முந்தைய படிக்கே திரும்புங்கள்.

வாரம் இரண்டு முறை, அதே மீன், அதே பக்குவம். ஒரு சாப்பாடு பழக 10, 15 தடவை வரை ஆகலாம், அதாவது ஒன்றரை, இரண்டு மாதம். மூன்றாம் நாளே 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

அப்பத்தாவின் 'ஒரே ஒரு வாய்டா' இன்னொரு தடை. வற்புறுத்தி ஊட்டிய வாய் மறுநாள் மூடிக்கொள்ளும். மீன் தின்றால் மிட்டாய் என்றால் மிட்டாயின் மதிப்புத்தான் ஏறும். சோற்றுக்குள் ஒளித்து வைத்துப் பிடிபட்டால், சோற்றையும் கிளறிப் பார்க்கத் தொடங்கும். சாப்பாட்டுக்கு முன் 2 மணி நேரம் பாலும் பிஸ்கட்டும் நிறுத்துங்கள். பசியில்லாத பிள்ளையிடம் எந்த வித்தையும் பலிக்காது.

முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்லாதீர்கள், இன்னும் ஆழமாகக் குத்தலாம். மருத்துவரிடம் போங்கள். மீனோ இறாலோ நண்டோ, முதல் தடவை பகலில், ஒன்றை மட்டும், துளியளவு கொடுங்கள். உதடு வீக்கம், தடிப்பு, வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி. எடை ஏறாத பிள்ளை, முன்பு தின்றதையும் ஒவ்வொன்றாக விடும் பிள்ளை, விழுங்கும்போதெல்லாம் ஓங்கரிக்கும் பிள்ளை ஆகியோருக்கு இந்தப் படிகளுக்கு முன்னால் குழந்தைகள் மருத்துவரின் பார்வை வேண்டும்.