புல்லா, கோரையா? வயல்வரப்புல நின்னே கண்டுபிடிக்கலாம்

முதல்ல தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டுங்க. மூணு முனை தட்டுப்பட்டா பெரும்பாலும் கோரை, உருண்டையா கணுக்கணுவா இருந்தா புல்லு. கிள்ளிப் பாத்தா கோரைக்கு உள்ள பஞ்சு மாதிரி சோறு அடைச்சிருக்கும்.

இதை மட்டும் நம்பிடாதீங்க. எலியோகாரிஸ்னு ஒண்ணு குளத்தோரமா நிக்கும், தண்டு உருண்டைதான், இலையே தெரியாது, நுனியில ஒரே ஒரு கதிர், ஆனா அதுவும் கோரைக் குடும்பம். ஆளுயரத்துக்கு வளர்ற சம்பு வேற குடும்பம்.

அடுத்ததுதான் எல்லாரும் மாட்டிக்கிற எடம், பொறுமையா பாருங்க. கதிர்ல இருக்கிற குட்டிச் செதில் எப்படி அடுக்கியிருக்குன்னு பாக்கணும். இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு சடை பின்னின மாதிரி ரெண்டு வரிசையா இருந்து கதிர் தட்டையா இருந்தா அனேகமா சைபெரஸ்ங்கிற கோரை வகை. செதில் சுத்திச் சுத்தி ஏறி கதிர் குண்டா இருந்தா ஃபிம்பிரிஸ்டைலிஸ்ங்கிற இன்னொரு கோரை வகையா இருக்கலாம். கலரை வச்சு முடிவு பண்ணவே பண்ணாதீங்க, முத்த முத்த மாறிடும்.

இதுக்கு 10 மடங்கு லென்ஸ் கண்டிப்பா வேணும். என்னைக் கேட்டா போன் மேக்ரோவை விட அதுதான் பெஸ்ட், லென்ஸை போன் கேமரா மேல வச்சே போட்டோவும் எடுத்துக்கலாம்.

அப்புறம் வேரோட ஒண்ணு தோண்டுங்க. கறுப்புக் கிழங்கு சங்கிலி மாதிரி கோத்து வந்து, நசுக்கினா கமகமன்னு வாசம் வந்தா சைபெரஸ் ரோட்டண்டஸ், நாட்டு மருந்துக் கடையில கோரைக்கிழங்குன்னு விக்கிறதே அதுதான். நெல்வயல்ல வர்ற சைபெரஸ் இரியாவுக்குக் கிழங்கு கிடையாது, கொத்து வேர்தான். சைபெரஸ் டிஃபார்மிஸுக்கும் இல்ல, ஆனா அதோட பூங்கொத்து உருண்டை உருண்டையா இருக்கும், தூரத்துலயே தெரிஞ்சிடும்.

ஐநேச்சுரலிஸ்ட்ல (செடி, உயிரினம் போட்டோ போட்டு பேர் கேக்கிற ஆப்) போடும்போது முழுச்செடி, அடித்தண்டு, பூங்கொத்துக்குக் கீழ இருக்கிற இலை, கதிர் க்ளோசப்னு தனித்தனியா போடுங்க, ஒரே போட்டோவுல யாராலயும் பேர் சொல்ல முடியாது.

அப்டேட்: "எல்லாம் பாத்தும் ரெண்டு சைபெரஸுக்கு நடுவுல குழப்பமா இருக்கு"ன்னு நெறைய பேர் கேட்டீங்க. முத்தின கதிரை உள்ளங்கையில தேய்ச்சு விதையைப் பாருங்க. ரோட்டண்டஸ், இரியா ரெண்டுக்கும் மூணு பட்டை, சைபெரஸ் பாலிஸ்டாக்கியோஸுக்கு தட்டையா இருக்கும்.

இன்னொண்ணு, ஊட்டி பக்கம் சதுப்புல பாத்தது பூவுக்கு 6 குட்டி இதழோட, காய் வெடிச்சா பொடிப்பொடியா நெறைய விதை கொட்டினா அது ஜங்கஸ், கோரை மாதிரியே தெரியிற வேற குடும்பம். கோரைன்னா ஒரு பூவுக்கு ஒரே விதைதான்.