பல் விஷயத்துல திரும்பத் திரும்ப நடக்கற தப்புகள்

ராத்திரி பல் விளக்கணும், இனிப்பைக் குறைக்கணும்ங்கறதெல்லாம் இங்க சொல்லப் போறதில்ல, உங்களுக்கே தெரியும். பல் டாக்டரா இத்தனை வருஷமா பாக்கறதுல என்னை உறுத்தறது வேற. உடம்பை நல்லா கவனிச்சுக்கறவங்க, ஜுரம் வந்தா உடனே டாக்டர்ட்ட ஓடறவங்க, அவங்களுக்கே முதல் தடவையா பல்லுல ஒரு பிரச்சனைன்னு வந்தா அதே சில தப்பைத்தான் பண்றாங்க. அதுல ஒண்ணைப் பத்தி மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேங்குது, அதையே முதல்ல சொல்லிடறேன்.

வலி நின்னுடுச்சு, அதனால சரியாயிடுச்சுன்னு நினைக்கறது

பல்லோட வெளிப்பக்கம் எனாமல். அதுல நரம்பு கிடையாது, உயிருள்ள செல்லும் கிடையாது, அதனால சொத்தை அங்க மட்டும் இருக்கற வரைக்கும் ஒண்ணுமே தெரியாது, ஓட்டை விழுந்துட்டா அது தானா வளந்து மூடவும் மூடாது. அடுத்த அடுக்கு டென்டின். அங்க இறங்கினப்புறம்தான் ஜில்லுனு ஏதாவது பட்டா கூசும், ஜில்லுப்பு போனதும் கூச்சமும் போயிடும். இந்தக் கட்டத்துல வந்தீங்கன்னா பெரும்பாலும் ஒரு ஃபில்லிங்கோட முடிஞ்சிரும்.

அதையும் விட்டா கிருமி பல்லுக்கு நடுவுல நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கற இடத்துக்கே போயிடுது. உடம்புல மத்த இடத்துல வீக்கம் வந்தா சதை உப்பி இடம் குடுக்கும், பல்லுக்குள்ள சுத்தியும் கெட்டியான சுவரு, உப்ப வழியே இல்ல, உள்ள ஏறற அந்த அழுத்தம்தான் விண்ணு விண்ணுன்னு தெறிக்கற வலி, படுத்தா தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடறதால ராத்திரியில இன்னும் ஜாஸ்தியா தெரியும். சூடா ஏதாவது குடிச்சா வலி பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் விடாது. இந்த நிலைமைக்கு வந்துட்டா அந்த நரம்பு பழையபடி ஆறும்னு எதிர்பாக்க முடியாது.

அப்புறம் திடீர்னு ஒருநாள் வலி நின்னுடும். எல்லாரும் ஏமாறறது இங்கதான். பல் சரியானதால நிக்கல, உள்ள இருந்த நரம்பு செத்துப்போனதால நின்னுச்சு. கிருமி எங்கேயும் போகல, வேரோட நுனி வழியா வெளிய வந்து தாடை எலும்பை மாசக்கணக்கா கரைச்சுக்கிட்டு இருக்கும், உங்களுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது.

40 வயசுக்காரர் ஒருத்தர், கீழ்க் கடவாய்ப்பல்லுல வலின்னு அப்பாயின்ட்மென்ட் வாங்கினாரு, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணி வலி போயிடுச்சுன்னு கேன்சல் பண்ணிட்டாரு. வலி போனாலும் வந்து காட்டுங்கன்னு சொன்னோம், வரல. ஏழெட்டு மாசம் கழிச்சு வந்தாரு, கன்னம் வீங்கி, வாயை ரெண்டு விரல் அளவு கூட திறக்க முடியாம. எக்ஸ்-ரேல வேர் நுனியைச் சுத்தி எலும்பு இருக்க வேண்டிய இடம் கறுப்பா தெரியுது, அந்தப் பல்லோட மேல்பாகம் பாதி உடைஞ்சு ஈறுக்குக் கீழ வரைக்கும் போயிடுச்சு. முதல்ல வந்திருந்தா ரூட் கேனல், அதாவது உள்ள இருக்கற நரம்பை எடுத்து சுத்தம் பண்ணி அடைக்கறது, பண்ணி காப்பாத்தியிருக்கலாம், நல்ல வலுவான பல்லு, எடுக்க வேண்டியதாப் போச்சு. இதை நினைச்சா இப்பவும் எனக்கு மனசு ஆறல.

இதே தப்புக்கு இன்னொரு முகம் இருக்கு, ரூட் கேனலைப் பாதியில விட்டுட்டுப் போறது. முதல் சிட்டிங்லயே நரம்பை எடுத்துடறோம், வலி போயிடும், மேல போட்டிருக்கறது தற்காலிக ஃபில்லிங், அது சில வாரம் தாங்கும், அப்புறம் ஓரத்துல கசிய ஆரம்பிச்சு கிருமி திரும்ப உள்ள போயிடும். முழுசா முடிச்சவங்களும் கேப் (பல்லு மேல மாட்டற உறை) போடறதை தள்ளிப் போடறாங்க. சொத்தையும் போய், துளையும் போட்டு மெலிஞ்ச கடவாய்ப்பல் அது, கேப் இல்லாம அதுலயே கடிச்சா ஒருநாள் வேர் வரைக்கும் பிளந்துரும், அப்படிப் பிளந்தா எடுக்கறதைத் தவிர வேற வழி இல்ல.

மாத்திரை மேட்டரையும் சொல்லிடறேன். வீட்டுல மிச்சம் இருக்கற ஆன்டிபயாட்டிக்கை எடுத்துப் போட்டுக்கறாங்க, வீக்கம் வத்துது, சரியாயிடுச்சுன்னு விட்டுடறாங்க. செத்துப்போன பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே இல்லாதப்ப மருந்து எப்படி அங்க போய்ச் சேரும்? கிருமியோட கிடங்கு அப்படியே இருக்கும், திரும்ப வரும். ஈறுல சின்னதா கொப்புளம் வந்து உடைஞ்சு உப்புக்கரிக்கற மாதிரி ஏதோ கசியுதுன்னா அது சீழ், வெளிய வர வழி கிடைச்சதாலதான் வலிக்காம இருக்கு.

நாக்குக்கு அடியிலயோ தாடைக்குக் கீழயோ வீங்கி, முழுங்க முடியல, மூச்சு விடக் கஷ்டமா இருக்குன்னா காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க. எமர்ஜென்சி இருக்கற ஆஸ்பத்திரிக்கு அப்பவே போங்க. இந்த இன்ஃபெக்ஷன் மூச்சுக்குழாயை அடைச்சு உயிருக்கே ஆபத்தாகும்.

ரத்தம் வருதுன்னு அந்த இடத்தைத் தொடாம விடறது

பல்லு இடுக்குல படிஞ்ச அழுக்காலதான் ஈறு பெரும்பாலும் வீங்கி ரத்தம் வருது. அங்க பிரஷ் போகலைன்னா அழுக்கு இன்னும் சேரும், ரத்தம் இன்னும் வரும். மெதுவா, ஆனா விடாம விளக்குங்க, இடுக்குக்கு ஃப்ளாஸோ குட்டி பிரஷோ போடுங்க, ஒண்ணு ரெண்டு வாரத்துல குறையணும், குறையலைன்னா காட்டுங்க. சிகரெட் பிடிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், ரத்தம் வரலைன்னு நிம்மதியா இருக்காதீங்க. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கிடறதால உள்ள ஈறு நோய் முத்திக்கிட்டு இருந்தாலும் வெளிய தெரியாம போயிடும்.

கிளீனிங் பண்ணா பல் ஆடும்னு பயப்படறது

ஆடற பல்லை அதுவரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருந்தது காரை, அதாவது பல்லுல கல்லு மாதிரி கெட்டியாப் படிஞ்ச அழுக்கு. அடியில எலும்பு ஏற்கனவே கரைஞ்சிருக்கும், காரையை எடுத்ததும் அது தெரியுது, அவ்வளவுதான். சந்து விழுந்த மாதிரி இருக்கறதும் அதனாலதான். பயந்துக்கிட்டு இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டா எலும்பு இன்னும் கரையும், போன எலும்பு முழுசா திரும்ப வராது.

அழுத்தித் தேய்க்கறது

வேண்டாம். சாஃப்ட் பிரஷ், 2 நிமிஷம் போதும்.

விளக்கினதும் தண்ணி விட்டு நல்லா கொப்பளிக்கறது

துப்புங்க, கொப்பளிக்காதீங்க. பேஸ்ட்ல இருக்கற ஃப்ளூரைடு பல்லு மேல கொஞ்ச நேரம் தங்கினாதான் பிரயோஜனம். வாங்கும்போது டப்பாவுல ஃப்ளூரைடு எவ்வளவுன்னு பாருங்க, பெரியவங்களுக்கு 1000 பிபிஎம்-க்குக் குறையாம இருக்கணும், 1450 கிட்ட இருந்தா நல்லது.

வலிக்கற இடத்துல ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கி வைக்கறது

ஈறு வெந்துரும்.

சாப்பிடற மாத்திரையைச் சொல்லாம விடறது

பல்லுக்கும் பிபி மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறாங்க. அம்லோடிபின்ங்கற பிபி மாத்திரை சில பேருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். நிறைய மாத்திரை எச்சிலைக் குறைக்கும், எச்சில் குறைஞ்சா சொத்தை வேகமா வரும். எலும்புத் தேய்மானத்துக்குப் போடற சில மருந்து இருந்தா பல்லு எடுத்த இடத்துல எலும்பு ஆறறது சிக்கலாகலாம், அதனால எடுக்கறதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியணும். ரத்தம் உறையாம இருக்கப் போடற மாத்திரையை பல்லு எடுக்கணும்னு நீங்களா நிறுத்திட்டு வராதீங்க, அதைக் குடுத்த டாக்டரும் நாங்களும் பேசி முடிவு பண்ணிக்கறோம். சுகர் இருந்தா கட்டாயம் சொல்லுங்க, சுகர் கட்டுப்பாட்டுல இல்லைன்னா ஈறு நோய் ஏறும், ஈறு நோய் இருந்தா சுகரைக் கட்டுப்படுத்தறதும் கஷ்டமாகும். பேரு ஞாபகம் இருக்காதுன்னா மாத்திரை அட்டையை போன்ல போட்டோ எடுத்துட்டு வாங்க.